நாலாவது வரிசை, கடைசி, கீழ்த்தட்டு

பழைய கடை இருந்தவரை அந்தப் பகுதிக்காரர்கள் யாருக்கும் மளிகை வாங்குவது யோசிக்க வேண்டிய காரியமாக இருந்ததில்லை. நகரத்தை விட்டுத் தள்ளி, வீட்டுக்கு வீடு வேலியும் வண்டி நிறுத்த இடமும் உள்ள பகுதி அது. கடையும் அதற்கேற்றபடிதான். ஒரே தளம், தகரக் கூரை, நேர் நேராகப் பன்னிரண்டு வரிசை. வெளியே கடையைப்போல இரண்டு மடங்கு மைதானம், வண்டிகளுக்கு. மாதம் ஒருமுறை போவார்கள். குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம் போன்ற ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு, எதிர்ப்படுகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிக்கொண்டு, பன்னிரண்டு வரிசையையும் சுற்றிவிட்டு மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வருவார்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் நேராக உப்பு இருக்கும் தட்டில் கை வைக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

அந்தக் கடையை இடித்து, ஏழு மாதத்தில் அதே இடத்தில் இரண்டு தளமாக ஒன்றைக் கட்டினார்கள். அதன் தலையில் இன்னும் ஆறு மாடிக்குக் குடியிருப்புகள் வரப்போகின்றனவாம். 'நகரத்துக்குள் இருப்பது போன்ற கடை' என்று பலகையில் பெருமையாகப் போட்டிருந்தது. திறந்த வாரத்தில் போய் வந்தவர்கள் பாதிப் பையும் முழுக் குழப்பமுமாகத் திரும்பினார்கள்.

எக்ஸ்ரேக்காரம்மா அந்த வாரம் போகவில்லை. அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தாள். இருபத்தாறு வருடமாக, 'மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க' என்பதைத்தான் வேலை நேரத்தில் அதிகம் பேசியிருக்கிறாள். கடைக்குப் போகாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. வீட்டில் எதுவும் தீரவில்லை.

தீராததற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். மோட்டார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் முப்பது வருடம் பொறுப்பில் இருந்த மனிதர். கடை ஏழு மாதம் மூடும் என்று அறிவிப்பு வந்ததும், ஏழு மாதத்துக்கு வேண்டியதைக் கணக்காக வாங்கிப் பின்னறையில் அடுக்கிவிட்டார். பின்னறை அவருடைய ராஜ்ஜியம். வாங்கி வருகிற எதையும் பாக்கெட்டோடு அவர் சமையலறைக்குள் விடுவதில்லை. பின்னறையிலேயே பிரித்து, டப்பாக்களில் கொட்டி, மூடியை அழுத்தி மூடித்தான் கொண்டுவந்து வைப்பார். டப்பா எதிலும் பெயர் கிடையாது. எந்த டப்பாவில் என்ன என்று அவளுக்குத் தெரியும். அது கடையில் என்ன பெயரில் விற்கிறது என்று தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

கடை மூடிய மூன்றாம் மாதம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்குப் பிறகும் நாலு மாதம் அந்த வீடு அவர் வாங்கி வைத்ததைத்தான் சாப்பிட்டது.

முதலில் தீர்ந்தது தம்பியின் டப்பா.

தம்பி என்றால் வீட்டுக்காரரின் தம்பி. நாற்பத்தொன்பது வயது. அவள் கல்யாணமாகி வந்தபோது பத்தொன்பது. பேச்சு குறைவு, எல்லாம் ஒரு வரிசைப்படி நடக்க வேண்டும். எழுந்ததும் சன்னல், பிறகு பல், பிறகு செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தல், பிறகு கஞ்சி. கஞ்சிக்கென்று உயரமான ஒரு தகர டப்பா. அதற்குள் வெளிர் நிறத்தில், லேசாக வறுத்த வாசனையோடு ஒரு மாவு. வெந்நீரில் கரைத்து இரண்டு கொதி விட்டால் கஞ்சி. காலையில் அதைச் சாப்பிட்டால்தான் மத்தியானச் சோறு; மத்தியானச் சோறு உள்ளே போனால்தான் ராத்திரிச் சாப்பாடு. முதல் கண்ணி கழன்றால் சங்கிலி முழுவதும் போச்சு.

கடை மூடியிருந்த மாதங்களில் அது அடி தெரியும் முன்பே பின்னறையில் இருந்த பெரிய டப்பாவிலிருந்து நிரம்பிவிடும். புதன்கிழமை பெரியதும் தீர்ந்து, கஞ்சி டப்பா காலி. தம்பி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

"தெரியுது தம்பி, காலிதான். உள்ள வா, வேற பண்ணித் தரேன்," என்று சொல்லி ஓட்ஸ் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். வியாழக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து வாங்கின ஏதோ மாவு. தள்ளினான். வெள்ளிக்கிழமை படி இறங்கும்போது தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். மூன்று நாளில் உள்ளே போனது தண்ணீரும் ஒன்றரை வாழைப்பழமும். மருத்துவமனை டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் பாருங்க, இல்லன்னா கூட்டிட்டு வந்துடுங்க, ட்ரிப்ஸ் ஏத்திடலாம்," என்றார்.

சேதி போய், சனிக்கிழமை காலை முதல் ரயிலில் நாத்தனார் வந்து இறங்கினாள். வீட்டுக்காரருக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. நகரத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருப்பவள். தோல்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு விடுதி. நர்ஸ் இருக்காங்க, டாக்டர் இருக்கார். ஒரே ஒரு இடம் காலியா இருக்கு. இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள சொல்லணும், இல்லன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"அவன் இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளிய தங்கினது கிடையாதும்மா."

"இந்த வீட்ல பட்டினி கிடக்கறதுக்கு அது பரவாயில்ல இல்லையா? அண்ணன் இருந்தவரைக்கும் நான் வாயத் திறந்திருக்கேனா? நீங்க வேலைக்கும் போய்க்கிட்டு, இவனையும் பாத்துக்கிட்டு… உங்களுக்கும் அறுபது வரப்போகுது."

"அம்பத்தெட்டு."

"சரி, அம்பத்தெட்டு. சாப்பிட மாட்டேங்கறானே, என்ன பண்ணுவீங்க? அதச் சொல்லுங்க."

விரோதமாகப் பேசுகிறவளாக இருந்தால் சண்டை போடலாம். நாத்தனாரின் கண் பேசும்போதே கலங்கியிருந்தது.

"அந்த மாவு கிடைச்சு, இன்னைக்கு அவன் சாப்பிட்டுட்டா?" என்றாள் எக்ஸ்ரேக்காரம்மா.

"சாப்பிட்டுட்டா நான் ஏன் கையெழுத்துக் கேக்கப் போறேன்? வாங்க, வாங்கிட்டு வருவோம். என்ன மாவு அது?"

அங்கேதான் சிக்கல். வீட்டுக்காரர் மளிகைக்கு வைத்திருந்த நோட்டுப் புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தில், வழக்கமாக மாதாமாதம் வாங்குவதன் பட்டியல் முழுசாக இருந்தது. ஆனால் அதில் ஒரு சாமானின் பெயர்கூடக் கிடையாது. கிடங்கில் எப்படி எழுதிப் பழகினாரோ அப்படியே: '4 – கடைசி – கீழ் – 2.' '6 – நடு – நடு – 1.' எது எங்கே இருக்கிறது என்று மட்டும். போகிறவர் அவர், எடுக்கிறவர் அவர், பெயர் எதற்கு?

நாத்தனார் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது மளிகை லிஸ்டா, பஸ் ரூட்டா?"

"நாலுன்னு இருக்கற வரிக்குப் பக்கத்துல 'த'ன்னு போட்டிருக்கார் பாரு. அதான் தம்பியோடது. நாலாவது வரிசை, கடைசி, கீழ்த்தட்டு. ரெண்டு எடுக்கணும்."

"அண்ணி, கடையையே இடிச்சுட்டாங்க."

"இடிச்சா என்ன? எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே ரூமை ரெண்டு தடவை மாத்தினாங்க. சாமான் அடுக்கின வரிசையை மாத்தலையே."

அதை அவள் உண்மையாகவே நம்பினாள். முப்பது வருடத்தில் அவருடைய குறிப்பு ஒன்று தப்பிப் போனதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

தம்பி காலி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

மைதானம் போயிருந்தது. வண்டிகள் தரைக்குக் கீழே போக வேண்டும். சங்குபோலச் சுற்றிச் சுற்றி இறங்குகிற பாதை. சுவரெல்லாம் புதுச் சிராய்ப்பு. வீட்டுக்காரரின் அகலமான வண்டியை அங்குலம் அங்குலமாக அவள் இறக்கினாள். முதல் வளைவிலேயே முன்னால் ஒரு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. டயர்க்கடைக்காரருடையது. பக்கத்தில் அவர் மனைவி.

டயர்க்கடைக்காரர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இது கடையா, கிணறா? நாப்பது வருஷமா வண்டி ஓட்டறேன்மா, இப்படிச் சுத்தினதில்ல. தலை சுத்துது."

"நீங்க முன்னாடி போங்க! பின்னாடி வர இது வழியில்ல!" என்று நாத்தனார் கத்தினாள்.

"நான் மேல போகணும்."

"மேல போறதுக்கு முதல்ல கீழ போகணும்!"

"என்னம்மா வேதாந்தம் பேசறே," என்றவர் முனகிக்கொண்டே முன்னால் நகர்ந்தார்.

கீழே தூணுக்குத் தூண் ஒரு நிறம், ஒரு பழத்தின் படம். நாத்தனார், "நாம ஆரஞ்சு மூணு, ஞாபகம் வச்சுக்குங்க," என்றாள். லிஃப்ட் கதவு திறந்தபோது அவர்கள் தெருவிலோ வாசலிலோ இல்லை. கடைக்கு நட்டநடுவில், பூங்கொத்துகளுக்கும் வெட்டி வைத்த பழங்களுக்கும் மத்தியில் நின்றார்கள். எந்தப் பக்கம் முகப்பு, எந்தப் பக்கம் முதுகு என்று தெரியவில்லை. வரிசை என்று ஒன்று கண்ணில் படவில்லை. வட்ட வட்டமான மேசைகள், வளைந்த தட்டுகள், மேலேயிருந்து தொங்கும் பலகைகள். பலகையில் சாமான் பெயர் இல்லை. 'காலை' என்றிருந்தது ஒன்றில். 'அவசரத்துக்கு' என்றிருந்தது இன்னொன்றில். தெரிந்த முகங்கள் பலதும் அங்கங்கே அண்ணாந்து பார்த்தபடி, ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தன. டிராலி கைப்பை அளவில் இருந்தது.

டயர்க்கடைக்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சக்கரை எங்க வச்சிருக்கான் தெரியுமா? கேட்டா, 'என்ன செய்யப் போறீங்க'ன்னு கேக்கறாங்க. டீ போடறதுன்னா ஒரு இடமாம், கேக் செய்யறதுன்னா ஒரு இடமாம். வீட்டுக்குன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு முழிக்கறா."

எக்ஸ்ரேக்காரம்மா நோட்டைத் திறந்தாள். வளைவோ வட்டமோ, எண்ணினால் எண்ணிக்கைதானே. லிஃப்டிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மேசைகளை எண்ணிக்கொண்டு போனாள். நாலாவது ஒரு நீளமான தட்டு. அதன் கடைசிக்குப் போய், கீழே குனிந்தாள். பைகள் இருந்தன! நடுவில் கண்ணாடிபோல ஒரு சன்னல், அதற்குள் வெளிர் நிறப் பொடி. நிறம் ஏறக்குறைய அதுவேதான். இரண்டு என்று எழுதியிருந்ததால் இரண்டை எடுத்து டிராலியில் வைத்தாள்.

நாத்தனார் ஒரு பையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு பூனை சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, இது பூனை ஒண்ணுக்கு இருக்கற மண்ணு."

பைகளைத் திருப்பி வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் நோட்டை மூடினாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்ன இடத்தில் அவர் சொன்னது இல்லை. இது அவர் தப்பில்லைதான். ஆனாலும் அவர் போனது அந்த நிமிஷம்தான் முழுசாக நடந்து முடிந்த மாதிரி இருந்தது.

"மாவு வகையெல்லாம் மேல இருக்கும்," என்று நாத்தனார் தோளைத் தொட்டாள். "வாங்க. இதெல்லாம் எங்க பக்கம் பத்து வருஷமா இருக்கு. பழகிட்டா ஒண்ணுமில்ல."

மேலே போக நகரும் படி. மனிதர்கள் படியில் ஏற வேண்டும். டிராலி பக்கத்தில் தனக்கென்று உள்ள தடத்தில் தானாக ஏறி வரும். கையை விட்டுவிட வேண்டும். அந்த ஊரில் யாருக்கும் கையை விட மனம் வரவில்லை. டயர்க்கடைக்காரர் ஒரு கையால் டிராலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, படி ஒரு வேகத்திலும் டிராலி ஒரு வேகத்திலும் போக, பாதி உடம்பு சரிந்து ஏறிக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார், அது தானா வரும்!" என்றார் பின்னால் ஏறிக்கொண்டிருந்தவர்.

"வரும்னு என்ன நிச்சயம்? வேற யாராவது மேல எடுத்துட்டாங்கன்னா?"

"உள்ள ஒரு ரொட்டிதானே சார் இருக்கு!"

"அது என் ரொட்டி!"

எக்ஸ்ரேக்காரம்மா கையை விட்டாள். டிராலி அவளுடைய கைப்பையோடும் பூனை மண்ணோடும் மேலே போனது. நாத்தனார் அதன் பின்னால் ஏறினாள். தம்பி ஏறவில்லை. படியின் அடியில், டப்பாவை அணைத்தபடி, தானாக ஏறும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். ஒன்று போனால் அடுத்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. அவன் முகத்தில் மூன்று நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. பின்னால் கூட்டம் சேர்ந்தது. மேலேயிருந்து நாத்தனார், "டேய், ஏறு! அண்ணி, அவன ஏத்துங்க!" என்று கத்தினாள். கீழேயிருந்து இவள், "நீ இறங்கி வா!" என்றாள். இறங்கும் படி எங்கே என்று நாத்தனாருக்கே தெரியவில்லை. பத்து வருடம் பழகியவள் மேலே இடதும் வலதும் ஓடுவது கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது.

அப்போது பில் போடும் மெஷின்களின் பக்கத்திலிருந்து பச்சைச் சட்டை போட்ட ஓர் அம்மாள் வந்தாள்.

"அடடே, டப்பாக்காரத் தம்பியா? அண்ணன் எங்க?"

பழைய கடையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள். இப்போது யாரும் எதுவும் அடுக்க வேண்டியதில்லையாம். பெட்டியோடு அப்படியே வைத்துவிடுகிறார்களாம். அதனால் அவளை மெஷினுக்குக் காவல் போட்டிருந்தார்கள்.

எக்ஸ்ரேக்காரம்மா சொன்னாள். நாலு மாதமாயிற்று என்றும் சொன்னாள். அடுக்குக்காரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப தம்பிக்கு யாரு மாவு வாங்கறது?"

நோட்டை நீட்டினாள். 'த' என்று போட்டிருந்த வரியும் அதற்குக் கீழே இரண்டும்: நாலு, கடைசி, கீழ், இரண்டு. ஆறு, நடு, நடு, ஒன்று. ஒன்பது, முதல், மேல், ஒன்று. மூன்றையும் சேர்த்து ஓரத்தில் ஒரு வளைகோடு. இதுவரை அதைப் பேனா இழுத்த கோடு என்றே அவள் நினைத்திருந்தாள்.

அடுக்குக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இல்லாத கடைக்குள் நடந்தாள். வலது கையைக் காற்றில் நீட்டி, "நாலு… சோப்பு முடிஞ்சுது, ஊதுபத்தி, தீப்பெட்டி… இல்ல இல்ல, அது அஞ்சு. நாலு, கடைசி, கீழ. பார்லி மாவு. கிலோ பை. ரெண்டு." திரும்பி இன்னொரு பக்கம் கையை நீட்டினாள். "ஆறு நடு, ஓட்ஸ் மாவு. கிலோ. ஒம்பது, வாசப்பக்கம், மேல்தட்டு… எட்டாதுன்னு ஸ்டூல் போட்டு எடுப்பேன்… பால் பவுடர், அரைக் கிலோ." கண்ணைத் திறந்தாள். "மூணையும் கலக்கறதும்மா. அப்படி ஒரு மாவு எந்தக் கடையிலயும் கிடையாது."

வீட்டுக்காரர் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னதான் உருட்டிக்கொண்டிருந்தார் என்பது முப்பது வருடம் கழித்து எக்ஸ்ரேக்காரம்மாவுக்குத் தெரிந்தது.

அடுக்குக்காரம்மா தம்பியிடம், "மேல போனா வண்டி இறங்கறதையும் பாக்கலாம்," என்றாள். தம்பி உடனே ஏறினான்.

மேலே மூன்றும் இருந்தன. 'ஒருவருக்கு' என்ற பலகையின் கீழ். பார்லி மாவு விரல் நீளப் பாக்கெட்டில், ஒரு வேளைக்கு ஒன்று. ஓட்ஸ் மாவும் அப்படி. பால் பவுடரும் அப்படி. ஒரு கிலோவுக்கு இருபது பாக்கெட்.

டயர்க்கடைக்காரரின் மனைவி, "இது என்ன, சொப்பு வச்சு விளையாடறதுக்கா?" என்றாள்.

"நகரத்துல வீட்ல வைக்க இடம் இருக்காதுங்க. அன்னன்னிக்கு வாங்கிப்போம்," என்றாள் நாத்தனார்.

டயர்க்கடைக்காரர், "அன்னன்னிக்கு இந்தக் கிணத்துல இறங்கினா, நான் எப்ப கடையத் திறக்கறது?" என்றார்.

நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால். "அண்ணி, ருசி பாக்கறதுக்கு நாலு, ரெண்டு, ஒண்ணு எடுத்தாப் போதும். கிளம்புவோம்."

தம்பி வாயைத் திறந்தான். அன்றைக்கு முதல் தடவையாக. "டப்பா நிறையணும்."

நாத்தனார் அவனைப் பார்த்தாள். மூன்று நாளாகப் பேசாதவன். மறுபேச்சில்லாமல் இரண்டு கையாலும் பாக்கெட்டுகளை வாரி டிராலியில் போட ஆரம்பித்தாள்.

கீழே இறங்கி வந்தால், பில் போடும் மெஷின் ஆறாவது பாக்கெட்டுக்குப் பிறகு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு வாடிக்கையாளருக்கு, 'ஒருவருக்கு' தட்டிலிருந்து, ஒரு வகைக்கு ஆறுதான் என்றது. அழுத்தினாலும் அதையே சொன்னது. அடுக்குக்காரம்மா தன் அட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு இதுல அதிகாரம் இல்லம்மா. ஆளுக்கு ஆறு. அதுக்கு ஆளத்தான் கொண்டுவரணும்."

"ஆளுதானே?" என்றார் டயர்க்கடைக்காரர். அவர் திரும்பி, மெஷின்களின் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நம்ம குடோன்காரர் தம்பிக்கு மாவு வேணும்! ஆளுக்கு ஆறு பாக்கெட் பில் போடுங்க!"

பழைய கடையில் எதிரெதிரே வந்தால் நாலு வார்த்தை பேசினவர்கள்தானே எல்லோரும். எதற்கு, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவர்களுக்குப் புரிந்த முதல் காரியம் இதுவாக இருந்திருக்கலாம். ஒருவர் முடித்தால் அடுத்தவர். மெஷினைத் தொடவே பயந்தவர்கள்கூட அடுக்குக்காரம்மா காட்டக் காட்ட அழுத்தினார்கள். கையில் பாக்கெட்டோடு வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி, "உங்களுக்கு பார்லி, உங்களுக்கு பார்லி, உங்களுக்கு மட்டும் ஓட்ஸ்," என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நாத்தனார். எல்லாம் முடிந்து, ஆரஞ்சு மூன்றைத் தேடி எலுமிச்சை மூன்றில் பத்து நிமிஷம் சுற்றி, சங்குப் பாதையில் ஏறி வெளியே வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

வீட்டுச் சமையலறை மேசையில் எழுபது பாக்கெட்டுகளையும் இரண்டு பெண்களும் கத்தரியால் வெட்டி வெட்டிப் பெரிய பாத்திரத்தில் கொட்டினார்கள். பூனை மண் ஒரு மூலையில் கிடந்தது. அதற்கு எப்படி பில் போட்டார்கள் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. கலந்து, சலித்து, டப்பாவில் கொட்டினார்கள். விளிம்புவரை வந்தது. தம்பி மூடியை அழுத்தி மூடினான். பிறகு அவனே திறந்து அவளிடம் நீட்டினான்.

அடுப்பில் முதல் கொதி வந்தபோதுதான் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, என்ன வாசனை இது?"

கிழித்துப் போட்ட உறைகளில் ஒன்றை எடுத்துப் படித்தாள் எக்ஸ்ரேக்காரம்மா. பால் பவுடர், வெனிலா வாசனையுடன். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி எழுத்தில். பத்து பாக்கெட்டும் அதுவே. அத்தனையும் மாவோடு கலந்தாயிற்று. மணி ஒன்று ஐம்பது.

"ஊத்துங்க, பாப்போம்," என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. சொல்லிக்கொண்டே விண்ணப்பத்தைத் தன் பக்கமாக இழுத்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது.

கிண்ணத்தைத் தம்பியின் முன்னால் வைத்தாள். வெனிலா வாசனை சமையலறை முழுவதும் பிறந்தநாள் வீடு மாதிரி வீசியது. தம்பி கரண்டியை எடுத்தான். ஒரு வாய் வைத்தான். எக்ஸ்ரேக்காரம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். இரண்டாவது வாய். மூன்றாவது. பிறகு எண்ணவில்லை.

"டேய், நல்லாருக்கா? அதே ருசிதானா?" என்றாள் நாத்தனார்.

"இல்ல."

"இல்லையா? அப்புறம் ஏன் சாப்பிடறே?"

தம்பி அவளை விநோதமாகப் பார்த்தான். இது ஒரு கேள்வியா என்பது போல. "கடைக்குப் போயிட்டு வந்தாச்சு," என்றான்.

எக்ஸ்ரேக்காரம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். டப்பா காலியான அன்றைக்கே அண்ணனும் தம்பியும் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள்கூடத் தள்ளினதில்லை. டப்பா தீர்ந்தால் கடை. கடைக்குப் போய் வந்தால் கஞ்சி. சன்னலுக்குப் பிறகு பல் என்பது போல அதுவும் ஒரு வரிசை. புதன்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் டப்பா காலி என்று காட்டவில்லை. வா, போகலாம் என்று நின்றிருக்கிறான். மூன்று நாள் நின்றிருக்கிறான்.

"அப்ப ருசியே விஷயமில்லையா?" என்றாள் நாத்தனார். "ஓட்ஸ் குடுத்திருந்தாலும்…"

"தெரியலம்மா. மூணு நாள் பசியாவும் இருக்கலாம். அந்த வண்டி ஏறினதப் பாத்ததுலகூட இருக்கலாம். எனக்கு எதுவும் நிச்சயமாத் தெரியல."

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும். தெரியுதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது."

நாத்தனார் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாள். மணி இரண்டாவதற்கு மூன்று நிமிஷம். போனை எடுத்து விடுதியின் எண்ணை அழுத்தினாள். பெயர், விண்ணப்ப எண் எல்லாம் சொன்னாள். "அந்த இடம் எங்களுக்கு வேண்டாம்ங்க. ஆமா. நிச்சயமாத்தான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "காரணமா?" என்றவள் வாயைத் திறந்து மூடினாள். "இல்லைங்க… வந்து… கடை ஒண்ணு இடிச்சுட்டாங்க… அது எப்படிச் சொல்றதுன்னா…" போனைக் கையால் பொத்திக்கொண்டு நீட்டினாள். "அண்ணி, நீங்களே பேசுங்க. காரணம் எழுதணுமாம். எனக்கே புரியல."

எக்ஸ்ரேக்காரம்மா வாங்கினாள். அந்தப் பக்கத்துப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "ரத்து பண்றதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. காலியா விட முடியாது. என்னன்னு போடட்டும்?"

தம்பி கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் இருந்ததை வழித்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டுட்டு இருக்கார்னு எழுதிக்குங்க," என்றாள் எக்ஸ்ரேக்காரம்மா.